அம்மாவுக்காகத் துடக்குக் காத்தவர்கள்

முப்பத்தோராம் நாளில் கொடுக்கும் இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலருக்கு அம்மாவைப் பிடிக்காது. அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது உங்களுக்கும் தெரியும். அப்படியிருக்க, கடல் சூழ்ந்த நயினாதீவு மண்ணின் பெருமையெல்லாம் பாடிவிட்டு, அம்மாவின் பிரிவால் ஊரே கலங்கியது என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஊர் கலங்கவில்லை. ஊரில் சிலர் கலங்கினார்கள். அவர்களுக்கு நன்றி சொல்லவே இதை எழுதுகிறேன். மற்றவர்களும் வாசிக்கலாம்.

அம்மாவின் ஒரே தம்பி, என் மாமா, லண்டனிலிருந்து ஓடி வந்து கொள்ளி வைத்தவர். நான் எழுதத் தொடங்கியதும் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார்.

“ஒருத்தரையும் குத்தி எழுதாதை பிள்ளை. செத்தவீட்டுப் புத்தகம். சனம் கனகாலம் வைச்சிருக்கும்.”

“அதுக்காகத்தான் மாமா எழுதுறன்” என்றேன். அவர் எழும்பித் தேத்தண்ணி போடப் போய்விட்டார்.

அம்மா புளியங்கூடலில், வெங்காயமும் புகையிலையும் செய்த ஒரு தோட்டக்காரரின் மூத்த மகளாகப் பிறந்தார். சாதாரணதரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த வருடம் யுத்தத்தில் தீவுப்பகுதிச் சனமெல்லாம் இடம்பெயர்ந்தது. பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணப் பக்கம் போனவர்கள் சட்டி பானை கொண்டுபோனார்கள், பாய் கொண்டுபோனார்கள், புத்தகம் கொண்டுபோகவில்லை. படிப்பு அதோடு நின்றது. நின்றது என்றுதான் அம்மா சொல்வார். முடிந்தது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

பிறகு நயினாதீவில், தபாற் கந்தோரில் வேலை செய்த அப்பாவைக் கலியாணம் செய்தார். நான் ஒரே பிள்ளை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்பாவுக்குச் சலரோகம், சர்க்கரை நோய். கடைசியில் அது காலில் புண்ணாக வந்தது. அம்மா தினமும் அவரை எங்கள் தீவு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மருந்து கட்டுவித்தார். கட்டும்போது சும்மா நிற்கமாட்டார். இது ஏன் மஞ்சளாக இருக்கிறது, அதை ஏன் வெட்டி எடுக்கிறீர்கள், இந்தத் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டே நிற்பார். ஒருநாள் அங்கிருந்த தாதி, நாங்கள் மிஸ்ஸி என்று கூப்பிடுகிறவர், இவ்வளவு கேட்கிற நீங்கள் இதையே படித்திருக்கலாமே என்று சொல்லிவிட்டார். அவர் அலுப்பில் சொன்னாரோ அன்பில் சொன்னாரோ தெரியாது. வீட்டுக்கு வந்த அம்மா குசினிக்குள் நின்று எனக்குச் சொன்னார்: “படிச்சிருக்கலாம் எண்டு சொல்லுறா. இனிப் படிக்கேலாது எண்டு அவ சொல்லேல்லை, கவனிச்சனியோ?”

அப்பாவைக் காப்பாற்ற முடியவில்லை. அவருடைய முதலாம் வருட ஆட்டைத் திவசம் முடிந்ததும், நாற்பது வயது கடந்த அம்மா சாதாரணதரப் பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பித்தார். அதே வருடம் எனக்கும் அதே பரீட்சை. எங்கள் வீட்டில் இரண்டு மாணவிகள், ஒரு மேசை. கேத்திரகணிதம் வந்தால் அம்மா பேனையை வைத்துவிடுவார். எந்த வருத்தக்காரனுக்கு, எந்த நோயாளிக்கு, முக்கோணம் உதவும் என்று கேட்பார். நான் விடமாட்டேன். அவருக்குக் கணிதத்தில் வந்த சி இனித்ததைப்போல எனக்கு வந்த ஏ எனக்கு இனிக்கவில்லை.

அரசாங்கப் பயிற்சிக்கு வயது போய்விட்டது. யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் தாதியர் பயிற்சி நிலையம் அவரை எடுத்துக்கொண்டது. செய்தி பரவிய அன்று மாலையே அப்பாவின் தமையனார், என் பெரியப்பா, வந்தார். எங்கள் ஒழுங்கை முனையில் இருக்கும் கோயிலில் வேட்டைத் திருவிழா உபயம், அன்றைய செலவை ஏற்று முன்னால் நிற்கிற உரிமை, அவர்கள் குடும்பத்துக்குரியது. ஊரில் அவர் சொல்லுக்கு ஒரு எடை இருக்கிறது. அவர் உட்காரவில்லை, அம்மா நீட்டிய தண்ணீரையும் வாங்கவில்லை.

“கண்டவன்ர மலசலம் அள்ளுறதுக்கு எங்கட வீட்டுப் பொம்பிளை படகேறிப் போறதோ? நீர் படிப்பை விடும். இல்லையெண்டால் உம்மட நல்லது கெட்டதுக்கு நாங்கள் ஒருத்தரும் வரமாட்டம்.”

அம்மா தண்ணீரை மேசையில் வைத்தார். “நல்லதுக்கு வராட்டிலும் பறவாயில்லை, அத்தான். கெட்டதுக்கு நான் உங்களிட்டை வருவன்.”

பெரியப்பாவுக்கு அது விளங்கவில்லை. படிப்பா, இனசனமா என்று அவர் வைத்த தெரிவு மட்டும் அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்குள் இருந்தது. அம்மா ஒவ்வொரு காலையும் படிப்பைத் தெரிந்தெடுத்துக்கொண்டு படகேறினார். குறிகட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்து, யாழ்ப்பாணம்.

படகில் அவருக்கு இடம் விட்டவர்கள் குறைவு. கதை விட்டவர்கள் கூடுதல். பள்ளிக்கூடப் பிள்ளை வருகிறா, பையைப் பிடியுங்கோ என்பார்கள். அப்பாவின் வழியில் ஒரு மச்சாள் முறையானவர் ஒருநாள் வெள்ளைச் சீருடையைப் பார்த்துவிட்டு எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: “புருசன் செத்தால் வெள்ளையை வீட்டிலையே உடுக்கலாம். அதுக்கேன் யாழ்ப்பாணம் போகோணும்?”

அம்மா சீருடையின் பக்கத்தைத் தட்டிக் காட்டினார். “இந்த வெள்ளையில பொக்கற் இருக்கு, மச்சாள்.”

படகோட்டி சிரித்துவிட்டாராம். அந்த மச்சாள் இன்றும் வந்திருந்தால், வணக்கம்.

அந்த மூன்று வருடமும் எங்கள் வீடு ஒரு வார்ட். நான் படுத்திருக்கும்போதே படுக்கைவிரிப்பை மாற்றிப் பழகினார். பப்பாசிக்காய்க்கு ஊசி போட்டார். யார் வந்தாலும் கதைத்துக்கொண்டே மணிக்கட்டைப் பிடித்துவிடுவார். கூடப் படித்த பிள்ளைகள் முதலில் அவரை அன்ரி என்று கூப்பிட்டார்கள், பிறகு அக்கா என்றார்கள். இதைத் தனக்குக் கிடைத்த பதவி உயர்வு என்று அம்மா எனக்கு அறிவித்தார். அந்தப் பிள்ளைகளில் ஒருவர் நெடுந்தீவைச் சேர்ந்த ஜெனிற்றா. கத்தோலிக்கர், கடற்றொழில் செய்யும் குடும்பம். அம்மாவுக்கு அவர் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். அம்மா அவருக்குப் பயப்படாமல் இருக்கச் சொல்லிக்கொடுத்தார். முதல்முதல் ஒரு பிரேதத்தைத் துடைத்துச் சுற்றியபோது இருவரும் சேர்ந்தே செய்தார்களாம்.

அந்தச் செய்தி எப்படியோ ஊருக்கு வந்தது. அதன் பிறகுதான் துடக்கு.

வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளும் இதை வாசிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். துடக்கு என்றால் தீட்டு. ஒரு வீட்டில் சாவு நடந்தால் அந்தக் குடும்பத்தின் பங்காளிகள் எல்லாருக்கும் முப்பத்தோராம் நாள்வரை துடக்கு. கோயிலுக்குப் போவதில்லை, கொண்டாட்டம் இல்லை, மச்சம், அதாவது அசைவச் சாப்பாடு, இல்லை. துடக்குக் காப்பது என்றால், செத்தவர் எங்களுடையவர் என்று ஊருக்குச் சொல்வது. எனக்கு விளங்கியது அவ்வளவுதான்.

கோயில் மடத்தில் அன்னதானத்துக்கு மரக்கறி வெட்ட ஒவ்வொரு வருடமும் போகிறவர் அம்மா. அந்த வருடமும் போய்ப் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். பெரியப்பா வந்து நின்றார்.

“நீர் எழும்பும். பிரேதம் துடைச்ச கை.”

“குளிச்சிட்டுத்தான் வந்தனான், அத்தான்.”

“குளிச்சால் போற துடக்கோ அது?”

சுற்றியிருந்த பெண்கள் எல்லாரும் வெட்டிக்கொண்டே இருந்தார்கள். ஒரு கத்திகூட நிற்கவில்லை. நான் பார்த்துக்கொண்டு நின்றேன், அதனால்தான் எழுதுகிறேன். அம்மா தன் கத்தியைக் கழுவி வைத்துவிட்டு எழும்பி வந்தார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் கதைத்தார். “ஒருத்தரும் சாகாத ஆஸ்பத்திரி எங்கையும் இருந்தால் சொல்லுங்கோ, அங்கை போய்ப் படிக்கிறன் எண்டு கேட்டிருக்கோணும். எனக்குப் பதில் எப்பவும் பிந்தித்தான் வாறது.” சிரித்தார். அதன் பிறகு அவர் மடத்துக்குப் போகவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை.

பயிற்சி முடிந்து சான்றிதழ் வாங்கிய நாளில் மண்டபத்தில் எங்கள் பக்கத்திலிருந்து நான் மட்டும். நெடுந்தீவிலிருந்து ஜெனிற்றாவின் வீட்டார் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். அவர்கள் அம்மாவுக்கும் சேர்த்துக் கை தட்டினார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் இருவருக்கும் வேலை கிடைத்தது. முன்பின் தெரியாத வருத்தக்காரர்கள் அம்மாவை மிஸ்ஸி என்று கூப்பிட்டார்கள். ஊரில் அந்தச் சொல்லை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை.

பிறகு ஒரு நாள். காற்றுக்குக் கடல் குழம்பிப் படகு ஓடவில்லை. அம்மா வேலைக்குப் போகமுடியாமல் வீட்டில் நின்றார். பெரியப்பாவின் மகன் எங்கள் வாசற் படலையில் வந்து நின்று, “சித்தி, அப்பாவுக்கு ஏலாமல் கிடக்கு. கடலும் விடுகுதில்லை” என்றார். நான் போகவேண்டாம் என்றேன். அம்மா பையை எடுத்துக்கொண்டே சொன்னார்: “நான் வருத்தக்காரன்ர வீட்டுக்குப் போறன், அத்தான்ர வீட்டுக்கு இல்லை.”

பெரியப்பாவுக்கு என்ன வருத்தம் என்று எழுதமாட்டேன். அம்மா ஒருவருடைய வருத்தத்தையும் வெளியில் சொன்னதில்லை. உடனே பார்த்திராவிட்டால் அவர் மிகவும் துன்பப்பட்டிருப்பார் என்பது மட்டும் போதும். நானும் கூடப் போயிருந்தேன்; எங்களை முன்வாசலால் விடவில்லை, குசினிப் பக்கத்தால் விட்டார்கள். அம்மா செய்யவேண்டியதைச் செய்தார், செய்யும்போது நோகுதோ அத்தான் என்று கேட்டுக்கேட்டுச் செய்தார். முடிந்ததும் பெரியப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு, “நீர் வந்து போனதை ஒருத்தருக்கும் சொல்லாதையும்” என்றார். நாங்கள் கிணற்றடியில் கை கழுவும்போதே பெரியம்மா வாசலுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

கெட்டதுக்கு வருவேன் என்று அம்மா சொன்னது அன்று எனக்கு விளங்கியது. அவர்களுக்கு இன்றும் விளங்கியிருக்காது.

அம்மாவுக்கு வயிற்றில் புற்றுநோய். தெரியவரும்போதே பிந்திவிட்டது. வைத்தியர் பதமாகச் சொல்லப் பார்த்தபோது, “எனக்குப் பொய் சொல்லாதேங்கோ டொக்டர், இந்தப் பொய்யை நானே கனபேருக்குச் சொன்னனான்” என்றாராம். கடைசி வாரங்களை வீட்டிலேயே கழித்தார். ஜெனிற்றா லீவு போட்டுவிட்டு எங்களோடு வந்து தங்கினார். அம்மா சொல்லிக்கொடுத்த முறையிலேயே அம்மாவைப் புரட்டினார், துடைத்தார், படுக்கைவிரிப்பை மாற்றினார்.

ஒரு பின்னேரம் கோயிலில் திருவிழாவுக்குப் பந்தல் போடும் சத்தம் கேட்டது. அம்மா கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்: “கொடியேற்றம் கிட்டுது. நான் செத்தால் எங்கட ஆக்கள் துடக்குக் காக்காயினம். காத்தால் உபயம் கைவிட்டுப் போயிடும்.”

ஜெனிற்றா ஈரத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தார். “எங்களுக்குத் துடக்கு எண்டு ஒண்டு இல்லை, அக்கா. எப்பிடிக் காக்கிறது எண்டு சொல்லித் தாங்கோ. நான் காக்கிறன்.”

அம்மா கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார். பிறகு பாடம் எடுக்கிற குரலில் சொல்லத் தொடங்கினார். கோயில் இல்லை. பெருநாள் இல்லை. மச்சம் இல்லை.

“மீனுமோ?”

“மீனும் மச்சந்தான்.”

“நெடுந்தீவாளிட்டை மீனை விடச் சொல்லுறீங்கள். நீங்கள் சாகாமலே இருக்கலாம், அக்கா.”

அம்மா சிரித்துச் சிரித்து, நோவில் முனகி, மறுபடி சிரித்தார். அம்மா சிரித்ததை நான் பார்த்த கடைசி முறை அது.

அவர் கண்மூடிய அன்று பெரியப்பா வந்தார், படலைவரை. உள்ளே கால் வைக்கவில்லை. ஒழுங்கையில் நின்றே மாமாவிடம் சொன்னார்: “நாங்கள் துடக்குக் காக்கேலாது. கொடியேறப் போகுது. அவ தானே எங்களை விட்டிட்டுப் போனவ.”

அம்மா எங்கேயும் போகவில்லை. பின்னேரப் படகில் திரும்பி வந்துகொண்டே இருந்தார்.

செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை; இனசனம் சோறு கொண்டுவரும். எங்களுக்குச் சோறு யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸிலும் படகிலும் வந்தது. அம்மாவோடு படித்த பிள்ளைகள் முறைவைத்துக் கொண்டுவந்தார்கள். திருவிழா நடந்தது. எங்கள் ஒழுங்கையால் வரும் சாமி இம்முறை வேறு ஒழுங்கையால் போனது. எங்களுடையது துடக்கு வீடாம். வேட்டைத் திருவிழா மேளம் எங்கள் முற்றத்துக்கும் கேட்டது. அங்கே பெரியப்பா பட்டு வேட்டியோடு முன்னால் நின்றிருப்பார். அம்மா உயிரோடு இருந்தபோது குளித்தாலும் போகாத துடக்கு, அம்மா செத்தபோது அவருக்கு ஒட்டவே இல்லை.

அந்த நாட்களுக்குள் நெடுந்தீவில் ஜெனிற்றாவின் கோயில் பெருநாளும் வந்தது. அவருடைய தாயார் தொலைபேசியில் ஏசினார், வீட்டுக்கு வராமல் அங்கே என்ன செய்கிறாய் என்று. ஜெனிற்றா சொன்ன பதில் எனக்குக் கேட்டது. “அக்கா செத்துப்போனா, அம்மா. எனக்குத் துடக்கு.”

அடுத்த நாள் குறிகட்டுவான் வழியாக ஒரு பை வந்தது. உள்ளே மரக்கறியும் ஒடியல் மாவும். மீன் இல்லை.

ஆகவே என் நன்றி இவர்களுக்கு: லண்டனிலிருந்து வந்த மாமாவுக்கு. சோறு சுமந்த பிள்ளைகளுக்கு. படகில் சிரித்த படகோட்டிக்கு. அம்மா கண்மூடிய நாள்தொட்டு எங்கள் படலையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவர் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு போகிறார். நெடுந்தீவில் இருக்கும் அந்தத் தாயாருக்கு. அம்மாவை மிஸ்ஸி என்று கூப்பிட்ட ஒவ்வொரு வருத்தக்காரருக்கும்.

மற்றவர்களிடம் கேட்பதற்கு ஒன்றுதான் இருக்கிறது. நீங்கள் இதை வாசித்துக்கொண்டிருக்கும்போது ஐயர் துடக்குக் கழிக்கும் தண்ணீரைக் கையில் எடுத்துக்கொண்டு, துடக்குக்காரர் எல்லாரும் முன்னுக்கு வாருங்கள் என்று கூப்பிடுவார். நான் எழும்புவேன். எனக்குப் பின்னால், கழுத்தில் சிலுவைச் சங்கிலியோடு ஒரு பெண்ணும் எழும்புவார். யார் அது, எந்த ஊர், என்ன முறை என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்காதீர்கள். உங்கள் கதிரையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, அவருக்கு வழிவிடுங்கள்.