ரோஸ்மேரி காட்டிய சைகை

ரோஸ்மேரியை நான் முதன்முதலாகப் பார்த்தபோது எங்கள் பள்ளியின் புது வாட்ச்மேன் அவளைக் கேட்டில் நிறுத்தி வைத்திருந்தார். "யாரைப் பார்க்கோணும்?" என்று அவர் கேட்க, அவள் விழித்துக்கொண்டு நின்றாள். யூனிஃபார்ம் இல்லை, அதனால் மாணவி இல்லை. வயது போதாது, அதனால் யாருக்கும் அம்மா இல்லை. டீச்சர் என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. கடைசியில் "ப்ராக்டிஸுக்குங்க" என்றாள். அவருக்கு அது விளங்கவில்லை. நான்தான் போய் உள்ளே அழைத்து வந்தேன்.

அவள் இதே பள்ளியில் படித்தவள். பள்ளியின் சாஃப்ட்பால் அணியில் கேட்சராக இருந்தவள். இப்போது கல்லூரியில் பி.காம். இரண்டாம் வருடம். அவளோடு ஆடியவர்களில் பாதிப் பேர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டார்கள், மீதிப் பேர் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். எங்கள் பி.டி. சார் மகுடேஸ்வரனுக்கு இன்னொரு பள்ளியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டதால், அவர் வாரத்தில் சில நாள்தான் வருவார். "ரோஸு, சாயங்காலம் வந்து புள்ளைங்களப் பாத்துக்கறயா கண்ணு?" என்று ஒரு தடவை கேட்டிருக்கிறார். மறுதடவை கேட்க வேண்டியிருக்கவில்லை.

என் கதை வேறு. நான் வேதியியல் டீச்சர், அப்போது மாறுதலில் வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. பெண் பிள்ளைகள் விளையாடினால் ஒரு லேடி டீச்சர் கூட இருக்க வேண்டும் என்பது விதி. புதிதாக வந்தவள் தலையில்தானே எல்லாம் விழும்? ஹெட்மிஸ்ட்ரஸ் சாமியாத்தாள் மேடம் என்னைக் கை காட்டினார், நான் மைதானத்து வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தேன். சாஃப்ட்பால் என்று பெயர்தான், பந்து கருங்கல் மாதிரி இருக்கும். ஒரு பெண் கையைக் கீழே சுழற்றி எறிவாள், இன்னொருத்தி கட்டையால் அடித்துவிட்டு ஓடுவாள். அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை.

ஆனால் ரோஸ்மேரியைப் பார்த்துக்கொண்டிருப்பது பிடித்திருந்தது. பேசவே தெரியாதவள் போல வருவாள். மைதானத்தில் கால் வைத்ததும் குரல் வந்துவிடும். "ஆஷா, முட்டிய மடக்கு! கண்ண எங்க வெச்சிருக்க?" என்று கத்துவாள். ஆஷா பந்து எறிகிறவள், பதினோராம் வகுப்பு, வாய்த்துடுக்கு. "கண்ணு மூஞ்சிலதானுங்கக்கா இருக்குது" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள், ரோஸ்மேரியும் சிரிப்பாள்.

பயிற்சி முடிந்தால் பிள்ளைகள் கூட்டமாகக் கிளம்பிப் போய்விடுவார்கள். அவள் கையுறைகளையெல்லாம் பொறுக்கி, மட்டைகளைத் துடைத்து, அறையைப் பூட்டுவாள். பூட்டிய பிறகும் படியில் உட்கார்ந்திருப்பாள்.

"போகலயா ரோஸு?"

"போகணும்ங்க மிஸ்" என்பாள். போக மாட்டாள்.

நெருப்பெரிச்சல் என்ற பகுதியில், வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றில் அவளும் அம்மாவும் மட்டும். அப்பா இறந்ததும், இவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே, சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அம்மா கருத்தம்மா ஒரு கம்பெனியில் டெய்லர், தினமும் இரண்டு ஷிப்ட். மகள் எழும்போது அம்மா கிளம்பியிருப்பார். அம்மா வரும்போது மகள் தூங்கியிருப்பாள். "ஒரே ரூமுதாங்க மிஸ். ஆனா ஞாயித்துக்கெழமதான் ஆளப் பாக்க முடியும்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கல்லூரியைப் பற்றிக் கேட்டேன். அங்கே யாரும் கெட்டவர்கள் இல்லையாம். "நான் ஒரு நாள் முழுக்கப் பேசாம இருந்தா யாராச்சும் என்னன்னு கேப்பாங்களான்னு டெஸ்ட் பண்ணிப் பாத்தேங்க மிஸ். யாரும் கேக்கல." கணக்குப் பாடத்தில் விடை சொல்வது போலச் சொன்னாள். அவள் பெயரைச் சத்தமாகக் கூப்பிடும் இடம் உலகத்திலேயே எங்கள் மைதானம் ஒன்றுதான் என்று எனக்கு அன்றைக்குப் புரிந்தது. அதன் பிறகு விடைத்தாள் திருத்தும் சாக்கில் நானும் கொஞ்சம் தாமதமாகவே கிளம்பினேன்.

அந்த மைதானத்துக்கும் வேட்டு வந்தது. எங்கள் அணி சில வருடங்களாகவே மண்டலப் போட்டியில் முதல் ஆட்டத்தோடு திரும்பி வந்துகொண்டிருந்தது. "இந்த வருசமும் அப்படின்னா சாஃப்ட்பாலை நிறுத்திரலாங்க சார். கிரவுண்ட கோ-கோவுக்குக் குடுத்தரலாம்" என்று மேடம் பி.டி. சாரிடம் சொன்னார். மேடத்தைக் குறை சொல்ல முடியாது, கோ-கோ பிள்ளைகள் கோப்பை கொண்டுவருகிறார்கள். ரோஸ்மேரி கையிலிருந்த பந்தை உருட்டிக்கொண்டே நின்றாள். முகம் வெளுத்துவிட்டது.

அடுத்த நாள் அவள் சைகைகளோடு வந்தாள். எறிகிறவளுக்கு வெளியிலிருந்து கத்தினால் எதிரணிக்கும் கேட்கும். அதனால் கையால் சொல்வது என்று முடிவு. இரண்டு விரலைக் கத்தரிபோல் வெட்டினால் தாழ்வாகப் போடு. சட்டைக் காலரைத் தொட்டால் வேகமாகப் போடு. ஆள்காட்டி விரலைச் சுற்றினால் மெதுவாகப் போடு. விரல்களைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோனால், போட்டது போதும், கொஞ்சம் மூச்சு வாங்கு.

"எங்க கத்துக்கிட்ட இதையெல்லாம்?" என்று கேட்டேன்.

"நானும் எங்கம்மாவும் வீட்ல பேசிக்கறதுங்க மிஸ். வெட்டறது, சுத்தறது, எல்லாத்துக்கும் ஒவ்வொண்ணு இருக்குது. அம்மா வந்தா அலுப்புல வாயே தொறக்க மாட்டாங்க, கையாலதான். தூக்கத்துல இருந்தாக்கூட எழுப்பி, சாப்பிட்டியான்னு இப்படிக் கேப்பாங்க." விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோனாள். "சின்னதுல இருந்தே இப்படித்தான். எங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்." அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த பெருமையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

பிள்ளைகள் அரை மணி நேரத்தில் அத்தனையையும் பிடித்துக்கொண்டார்கள். பீரியாடிக் டேபிளில் நாலு தனிமத்தை நாலு மாதமாக மனப்பாடம் பண்ணாத பிள்ளைகள்! அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். பி.டி. சாரும் நானும் குன்னத்தூர்ப் பக்கத்தில் காடுகரை வைத்து விவசாயம் பார்க்கும் வீட்டு ஆட்கள். கம்பெனிக்குள் கால் வைக்காதவர்கள். "பிரமாதம் ரோஸு. ஒருத்தனுக்கும் புரியாது போ" என்றார் அவர். நானும் தலையாட்டினேன். ரோஸ்மேரியும் கம்பெனி வாசலை மிதித்ததில்லை. மிதிக்கக் கூடாது என்பது அவள் அம்மாவின் உத்தரவு.

போட்டி திருமுருகன்பூண்டிப் பக்கம் ஒரு பள்ளியில். அடுத்த தெருவிலிருந்து சிலை கொத்தும் உளிச்சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது. பி.டி. சாரை வேறொரு ஆட்டத்துக்கு நடுவராகப் போட்டுவிட்டார்கள். கோட்டுக்கு வெளியே ரோஸ்மேரி மட்டும் நின்று கை காட்டினாள். முதல் இரண்டு சுற்றில் ஆஷா எறிந்ததை எதிரணியால் தொடவே முடியவில்லை. நான்கூட எழுந்து நின்று கைதட்டினேன்.

மூன்றாவது சுற்றில் மட்டை பிடித்து வந்த பெண் ஆஷாவைப் பார்க்கவில்லை. ரோஸ்மேரியைப் பார்த்தாள். ரோஸ்மேரி காலரைத் தொட்டாள். அந்தப் பெண் ஓரடி பின்னால் போய், வேகமாக வந்த பந்தை விளாசினாள். அடுத்தவளும் அப்படியே. எதிரணி பெஞ்சில் குசுகுசுவென்று பேசிச் சிரித்தார்கள். ரோஸ்மேரிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆஷாவுக்குத்தான் சரியாகத் தெரியவில்லை என்று நினைத்து, இன்னும் பெரிதாக, இன்னும் தெளிவாகக் காட்டினாள். பந்துகள் சுவர் தாண்டிப் போயின. கொஞ்ச நேரத்தில் நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

ஆட்டம் முடிந்து கைகுலுக்க வந்தபோது எதிரணி கேட்சர், நல்ல சிரித்த முகமுள்ள பிள்ளை, ரோஸ்மேரியிடம் மரியாதையாகக் கேட்டாள்: "அக்கா, எங்கம்மா பனியன் கம்பெனில செக்கிங்குங்க. நீங்க எந்தக் கம்பெனிங்க?"

ரோஸ்மேரி ஆஷாவைத் திரும்பிப் பார்த்தாள். ஆஷாதான் மெதுவாகச் சொன்னாள். "அக்கா, மிஷின் சத்தத்துல கத்துனாக் கேக்காதுங்களே. அதுக்குத்தான் கம்பெனில கையில பேசுவாங்க. கீழ பிசிர் வெட்டுன்னா கத்தரி, சூப்பர்வைசர் வராரு வேகமா ஓட்டுன்னா காலரு, நூல் மாத்து மெதுவா ஓட்டுன்னா வெரலச் சுத்தறது… எங்க ஊட்லயும் அம்மா இப்படித்தானுங்க பேசும். எல்லார் ஊட்லயும் இப்படித்தான். உங்களுக்குத் தெரியும்னுதான் நாங்க நெனச்சோம்."

திரும்பும் வேனில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழவில்லை. வேன் நகர்ந்தபோது எதிரணிப் பிள்ளைகள் கேட்டருகே நின்று விரல்களைக் குவித்து, சாப்பிட்டீங்களா என்று சைகையில் கேட்டார்கள். எங்கள் பிள்ளைகள் ஜன்னல் வழியே கையை நீட்டி ஆமாம் ஆமாம் என்றார்கள். தோற்ற துக்கமே இல்லை கழுதைகளுக்கு. ரோஸ்மேரியின் கைகள் மடியிலிருந்த கையுறையை விட்டு அசையவில்லை.

"எங்கம்மா எனக்குன்னே பேசுனாங்கன்னு நெனச்சிருந்தேங்க மிஸ்" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மேடம் சொன்னபடியே செய்தார். திங்கட்கிழமையிலிருந்து மைதானம் கோ-கோவுக்குப் போனது. ரோஸ்மேரி அறைச் சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அன்றைக்கு அவர் அவளை யார் என்று கேட்கவில்லை. "நாளைக்கு வருவீங்கள்ல?" என்றுதான் கேட்டாராம்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பழைய பஸ் ஸ்டாண்டில் குன்னத்தூர் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். எதிர்ப்பக்கம் ரோஸ்மேரி நின்றாள். கொஞ்சம் தள்ளி, பழக்கடைக் கூட்டத்தில், கையில் பைபிளோடு வெளிர்நீலச் சேலை கட்டிய ஒரு அம்மாள். ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. அந்த அம்மாள் மகளைப் பார்த்து விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோனார். ரோஸ்மேரி பதில் காட்டவில்லை. அவர் மறுபடியும் காட்டினார், இன்னும் பெரிதாக.

ரோஸ்மேரி விடுவிடுவென்று அவர் முன்னால் போய் நின்றாள். "வாயால கேளும்மா!" என்று கத்தினாள். மைதானத்தில் கத்துவாளே, அதே குரல். ஹாரன்கள் ஓய்ந்திருந்தன, நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மா திகைத்துப் போனார். "என்னட்டி ஆச்சு ஒனக்கு?"

"வாயால கேளு."

அவர் கையை இறக்கினார். மகளின் முகத்தையே பார்த்தார். "சாப்ட்டியாட்டி?" என்றார்.

"இல்ல" என்றாள் ரோஸ்மேரி. சொல்லும்போதே கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "காலைல இருந்து இல்ல."

"நேத்து?" என்று கேட்டார் அம்மா.

என் பஸ் வந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. நான் ஏறவில்லை. எதிர்ப்பக்கம் ரோஸ்மேரி முகத்தைத் துடைத்துக்கொண்டு, நேற்றிலிருந்து சொல்ல ஆரம்பித்திருந்தாள்.