அத்தானின் வலது கை

என் அக்கா புருஷனை மார்க்கெட்டில் 'மைக் செட்' என்பார்கள். தக்காளி ஏலம் விடுகிறவர். விலையைக் கூவும்போது மூச்சு எங்கே வாங்குகிறார் என்று வியாபாரிகளே கேலி பேசுவார்கள். போன வருஷம் அந்த மூச்சே காலை வாரியது. ஏலத்துக்கு நடுவில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். இதய வால்வில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிட்டதாம்.

தொடை ரத்தக்குழாய் வழியாகப் புது வால்வு வைக்கலாம் என்றார் டாக்டர். "வைக்கும்போது பழைய வால்வுல இருந்து துணுக்கு உடைஞ்சு மூளைக்குப் போகலாம், பக்கவாதம் வரலாம். அதுக்குத்தான் வலது மணிக்கட்டு வழியா, மூளைக்குப் போற குழாய்ல ஒரு சின்ன வலை வைக்கிறோம். எல்லாத்தையும் பிடிச்சிடும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

அத்தான் ஒன்றுதான் கேட்டார். "பேச்சு போயிடுமா?"

"வாய்ப்பு குறைவு. ஆனா போகலாம்."

அதன்பின் வீட்டில் யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. அவர் குளியலறையில் விலை கூவிப் பார்ப்பார், கண்ணாடி முன் வாயைக் கோணிப் பார்ப்பார். அக்கா அடுக்களைச் சாமான்களை இடம் மாற்றி மாற்றி வைத்தாள். நான் இருவர் மீதும் எரிந்து விழுந்தேன். எனக்கும் பயம்தான், வேறென்ன.

சிகிச்சை முடிந்து வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். வலை போய்வந்த மணிக்கட்டில், ரத்தம் கசியாமலிருக்க இறுக்கமான பட்டை.

"ரெண்டு கையையும் தூக்குங்க" என்றார் நர்ஸ்.

இடது கை எழுந்தது. வலது கை கிடந்த இடத்திலேயே கிடந்தது.

"வலது கை?"

உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அக்காவின் நகம் என் தோளில் பதிந்தது. நர்ஸ் டாக்டரைக் கூப்பிடத் திரும்பினார்.

அத்தான் தொண்டையைச் செருமினார். "இந்தக் கையை அசைக்கவே கூடாதுன்னு உள்ள ஒருத்தர் சொல்றார். நீங்க தூக்குன்னு சொல்றீங்க. முதல்ல உங்களுக்குள்ள பேசி ஒரு விலைக்கு வாங்க!"

நர்ஸ் சிரித்துவிட்டார். மணிக்கட்டை மடக்காமல் தூக்கச் சொன்னதும் கை எழுந்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

பிறகு டாக்டர் வலையில் சிக்கியதை ஒரு சின்ன பாட்டிலில் காட்டினார். வெளிறிய துணுக்குகள், பாதிக் கடுகுகூட இருக்காது. அத்தான் அதை இடது கையில் வாங்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு அக்காவிடம் நீட்டினார். மெல்லக் கேட்டார்: "இதுல எது உன் பேரைக் கொண்டுபோயிருக்கும்?"

அக்கா பாட்டிலை டாக்டரிடம் திருப்பிக் கொடுத்தாள். அத்தான் கண் அசந்ததும் உலுக்கினாள்.

"என் பேரைச் சொல்லுங்க."

சொன்னார். சற்றுக் கழித்து மறுபடி உலுக்கினாள்.