மண்டபத்தில் சொன்ன இரண்டு வாக்கியங்கள்

கண்ணுக்குத் தெரியாத துகள்களைப் பிடிக்கும் கருவிகளைச் செய்வதிலேயே என் பாதி வாழ்க்கை போனது. வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்தில், கதிர் பட்டால் மினுக்கென்று ஒளிரும் படிகங்களோடு வேலை. ஈரக்காற்று பட்டாலே அவை மஞ்சளித்துப் பாழாகிவிடும். பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டேன். எங்கள் குழுவுக்கு நிதியை நிறுத்திய பிறகு, பெரம்பலூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்குப் பாடம் எடுக்க வந்தேன். எனக்கென்று மிஞ்சியது, கதிர்வீச்சை அளக்க நானே செய்த சிறிய கருவி ஒன்று.

அண்ணன் அரியலூர்ப் பக்கம் எங்கள் ஊரிலேயே பருத்தி போட்டுக்கொண்டிருந்தார். வயலை ஒட்டிச் சிமெண்டு ஆலையின் சுண்ணாம்புக்கல் சுரங்கம். பருத்தி வெடித்தால் எது பஞ்சு, எது புழுதி என்று தெரியாது. அண்ணி நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். அதே தெருவில் இன்னும் இருவருக்கு அந்த நோய். தோண்டிய குழியிலிருந்து கதிர்வீச்சு வருகிறது என்று ஊரில் பேச்சு கிளம்பியது.

காரியம் முடிந்த மறுநாள் அண்ணன் கேட்டார்.

"நீ படிச்சது இதுதான பாப்பா? வந்து அளந்து சொல்லு. நீ சொன்னா கேப்பாங்க."

அளந்தேன். சுரங்கத்தின் விளிம்பு, வயல், கிணற்றடி, அண்ணி படுத்திருந்த அறை. எங்கும் எந்த மண்ணிலும் இருக்கக்கூடிய அளவுதான். நம்பாமல், வேப்பந்தட்டைப் பக்கம் மலையடிவாரத்துக்குப் போய் அளந்து ஒப்பிட்டேன். அங்கேதான் கொஞ்சம் கூடுதலாக இருந்தது, பாறை அப்படி. அண்ணனிடம் அப்போதே சொன்னேன், கதிர்வீச்சு இல்லை, புழுதியைத்தான் சந்தேகிக்க வேண்டும் என்று. அவர் தலையை ஆட்டினார். எவ்வளவு காதில் விழுந்ததோ.

சுரங்கத்தை விரிவாக்கக் கருத்துக்கேட்புக் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. ஊர்க்காரர்கள் என்னை மேடைக்கு அனுப்பினார்கள். நான் சொன்னது இரண்டே வாக்கியம். இங்கே கதிர்வீச்சு மற்ற இடங்களில் உள்ள அளவுதான். ஆனால் என் கருவி புழுதியை அளக்காது, ஆலைப் புழுதியை அளந்து பார்க்காமல் அனுமதி தரக் கூடாது.

முதல் வாக்கியம் முடிந்ததும் ஆலைக்காரர்கள் கைதட்டினார்கள். ஊர்க்காரர்கள் எழுந்து கூச்சல் போட்டார்கள். இரண்டாவது வாக்கியம் மைக்கிலேயே கரைந்துபோனது. மறுநாள் நாளிதழில், ஆபத்து இல்லை என்று இயற்பியலாளர் உறுதி அளித்ததாகச் செய்தி. மறுப்பு எழுதி அனுப்பினேன். அது வரவேயில்லை.

மண்டபத்து வாசலில் அண்ணன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ரெண்டாவது சொன்னத மொதல்ல சொல்லியிருக்கலாமுல்ல."

அளந்ததை அளந்தபடி முதலில் சொல்ல வேண்டும் என்றுதான் எனக்குக் கற்றுத்தந்திருந்தார்கள். அதை அந்த வாசலில் நின்று அவரிடம் எப்படிச் சொல்வது?

கல்லூரியில் புழுதி அளக்கும் கருவி ஒன்று கேட்டேன். முதல்வர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "நம்ம பசங்களுக்கு வேலை குடுக்கிறதே அந்த ஆலைதாங்க மேடம். உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு?" விரிவாக்கத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது. எங்கள் வயலும் அதில் போனது.

அண்ணன் இப்போது பாடாலூரில் மகள் வீட்டில் இருக்கிறார். பெரம்பலூரிலிருந்து பஸ் ஏறினால் சீக்கிரம் போய்விடலாம். ஒருமுறை போனேன். அத்தைக்குக் காபி போடு என்று மகளிடம் சொல்லிவிட்டு, கடைக்குப் போய்வருவதாகக் கிளம்பினார். காபி குடித்தேன். அவள் சாப்பிடச் சொன்னாள், சாப்பிட்டேன். அவர் வரவில்லை. கடைசியில் அவளிடம் மட்டும் சொல்லிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.