கொம்பின் மேல் மதிப்பெண் ஃபைல்

எங்கள் மலைக் கல்லூரியில் ஊழியர்களின் கம்ப்யூட்டர்களை மாற்ற வந்த கம்பெனிக்காரர்கள், "ஃபைல் எல்லாம் புதுசுக்கு வந்திருச்சு" என்று சொல்லிவிட்டு மலையிறங்கிவிட்டார்கள்.

"இன்னா சார் வந்துச்சு? என் மாட்டையே காணோம்," என்று என்னிடம் சொல்லி, அலுவலகக் கண்காணிப்பாளர் அம்மா பழைய கம்ப்யூட்டரை விட மறுத்தார்.

ஃபைலை மாற்றத் தெரிந்தவர்களுக்கு ஆளைப் பார்க்கத் தெரியவில்லை. கல்லூரிக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற எனக்குத் தெரியும். அம்மா ஃபைல்களின் பெயரைப் படிப்பதே இல்லை. திரையில் அவர் வீட்டுப் பசுவின் படம் இருக்கும். மதிப்பெண் ஃபைல் கொம்பின் மேல், சம்பளம் வாலருகே, விடுப்பு மடியில்.

பசுவைப் புதுத் திரைக்குக் கொண்டுவந்தேன். பழைய திரையைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைத்தேன். அம்மா உட்கார்ந்ததும் கை நேரே கொம்புக்குப் போனது. மதிப்பெண் பட்டியல் சட்டென்று திறந்தது.

"பழச எடுத்துனு போங்க சார்," என்றார். "எடத்த அடைச்சினு கெடக்குது."