காதுக்குள் தோல், காதுக்குப் பின்னால் முடி

காது டாக்டர் வேலையில் பாதி, மோந்து பார்ப்பதுதான். ஐம்பதுகளில் புதுக்கோட்டையில் நான் காது பார்த்தபோது, ஆள் ஸ்டூலில் உட்காரும் முன்பே வியாதி என்னவென்று என் மூக்குக்குத் தெரிந்துவிடும். சொன்னதைக் கேட்காதவர்களோடு மாரடித்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். ஆகவே என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

விஷயம் இதுதான். மூக்கிலிருந்து காதுக்குப் போகும் குழாய் சளியால் அடைபட்டே கிடந்தால், செவிப்பறை உள்பக்கமாக இழுபட்டுப் பை மாதிரி ஆகிவிடும். அந்தப் பைக்குள் உதிரும் செத்த தோல் வெளியே வர வழியில்லாமல் வெங்காயம் போல அடுக்கடுக்காகச் சேரும். அழுகி நாறும். வளர வளரப் பக்கத்து எலும்பை அரிக்கும். அப்படியே விட்டால் வாய் கோணும். மூளைக்குப் போனால் ஆளே போய்விடுவார்.

அத்தர் பஞ்சு

கோட்டைப்பட்டினத்திலிருந்து ஒரு முஸ்லிம் படகுக்காரர் வந்தார். மணம் ஆளைத் தூக்கியது. காது மடலில் அத்தர் தோய்த்த பஞ்சு வைப்பது அவர்கள் வழக்கம், நல்ல வழக்கம்தான். இவரோ பஞ்சைத் துளைக்குள்ளேயே திணித்திருந்தார். அதை எடுத்ததும் வந்த நாற்றத்தில் நர்ஸ் ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தாள். எவ்வளவு காலமாக இப்படி என்றேன். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே என்றார். ஆபரேஷன் என்றதும் எழுந்துவிட்டார். "நாத்தம் வீட்ல ஒருத்தருக்கும் தெரியலைங்கம்மா. பெறகு எதுக்கு அறுக்கணும்?"

நான்கு விரல் முடி

ஆவூர்ப் பக்கத்து விவசாயி சவரிமுத்து, தன் மகள் செசிலியை அழைத்து வந்தார். அவள் காதுவாயை விரலால் லேசாக அழுத்தினேன். பெண்ணுக்கு அறையே சுற்றியது. உள்காது எலும்பு வரை அரித்துவிட்டது என்று அர்த்தம். உடனே அறுக்க வேண்டும், அதற்குக் காதுக்குப் பின்னால் நான்கு விரல் அகலம் முடி எடுக்க வேண்டும் என்றேன்.

"பொண்ணு பாக்க வாராங்க. செரைச்சு விட்டுட்டு எப்படிக் கொண்டாந்து நிறுத்துறது? கல்யாணம் முடியட்டும்ங்க" என்றார். கல்யாணத்துக்குப் பெண் உயிரோடு இருக்க வேண்டாமா என்று மேஜையை அடித்துக் கத்தினேன். வராந்தாவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். செசிலி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நிதானமாகத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சத்தம் போடாதீங்க டாக்டரம்மா. அவளுக்குத்தான் காது கேக்காது, எனக்கு நல்லாக் கேக்கும்."

முழு மொட்டை

செசிலியின் காதிலிருந்து நான் எலும்பை உளியால் தட்டித் திறந்து எடுத்த தோல் உருண்டை கொண்டைக்கடலை அளவு இருந்தது, நல்ல வெள்ளை. முகத்து நரம்பைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதை எடுக்கச் சம்மதம் சொன்னது அப்பா இல்லை.

நான் மேஜையை அடித்துக் கத்திய சில வாரம் கழித்து இருவரும் மறுபடி வந்தார்கள். செசிலி தலையில் ஒரு முடி இல்லை, சந்தனம் பூசியிருந்தது. மகனுக்கு பஸ் கண்டக்டர் வேலை கிடைத்தால் மகள் முடியைத் தருவதாக வேளாங்கண்ணி மாதாவுக்குச் சவரிமுத்து வேண்டியிருந்தாராம். வேலை கிடைத்துவிட்டதாம். மாதாவுக்குக் கொடுத்த முடியை மாப்பிள்ளை வீட்டார் குறை சொல்ல மாட்டார்களாம். கோயிலில் தலை சுற்றி விழுந்துவிட்டாள், அதற்கு மட்டும் மாத்திரை வேண்டுமாம். அண்ணன் விசில் ஊதுவதற்கு முழுத் தலை முடியும் போகலாம், அவள் உயிருக்கு நான்கு விரல் போகக் கூடாது! கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள், அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசாத செசிலி அப்பாவைத் தாண்டி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். "முடிதானே தடைன்னாங்க? அது இப்ப இல்லை. மொளைக்கிறதுக்குள்ள அறுத்துருங்க டாக்டரம்மா."

இத்தனை வருஷம் காது பார்த்ததில் கெட்டுப்போனது என் தொண்டைதான்.