இரண்டாவது சொம்புத் தண்ணீர்

சென்ற வாரம் இரத்தக் கொதிப்பு மாத்திரை வாங்குவதற்காகப் பென்னாகரம் அரசு மருத்துவமனைக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தேன். பாதி வழியில் புதிய சாலை போடுகிறார்கள் என்று வண்டியை நிறுத்திவிட்டார்கள். ஓரத்தில் தார் கொதித்துக்கொண்டிருந்தது. பேருந்தில் இருந்தோர் முந்தானையாலும் துண்டாலும் மூக்கைப் பொத்திக்கொண்டனர். நான் ஒருவன் மட்டும் சன்னலுக்கு வெளியே முகத்தை நீட்டி அந்த வாடையை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தேன்.

"பெருசு, தலைய உள்ள இழுங்க. மயக்கம் வந்து உழுந்துட்டா ஆரு பதில் சொல்றது?" என்றார் நடத்துநர்.

அவருக்கு நான் என்ன விளக்கம் சொல்வது? அந்த வாடையில் ஒரு பரிசல் மிதந்து வந்தது என்று சொன்னால், மயக்கம் ஏற்கெனவே வந்துவிட்டது என்று முடிவு கட்டியிருப்பார்.

தாருக்கும் பரிசலுக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம், நண்பரே. ஒகேனக்கல்லில் பரிசல் ஏறியவர்கள் பெரும்பாலும் அதன் உட்புறத்தையே பார்த்திருப்பார்கள். கவிழ்த்துப் பார்த்தால் தெரியும். மூங்கில் பின்னலின்மேல் சாக்கைப் போர்த்து, தாரைக் காய்ச்சிப் பூசியிருப்பார்கள். வெயிலில் அது இளகித் துணியில் ஒட்டினால், துணி கிழியும்வரை கறை போகாது. என்னிடம் அப்படி ஒரு வேட்டி இருந்தது. பின்புறத்தில் பெரிய கரும்பட்டையோடு, என் மாமனாராகப் போகிறவர் முன்னால் நான் நின்ற வேட்டி அது.

அப்போது எனக்கு வேலை புளி மண்டியில் எடை போடுவது. படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது; மிச்சத்தைக் கிளை நூலகத்தில் நானாகத் தேடிக்கொண்டேன். எங்கள் ஊருக்கு ஓர் ஏரி உண்டு. சின்ன ஏரி என்று பெயர். ஏரி என்று சொல்வது மரியாதைக்காக. அதில் ஆடு மேய்ந்தது, பிள்ளைகள் பந்து விளையாடினார்கள். தண்ணீர் மட்டும் இருந்ததில்லை. பெண்கள் குடத்தோடு இரண்டு மைல் நடந்தார்கள்.

மேற்கே மலையடிவாரத்து ஊரில் எனக்குப் பெண் பார்க்கப் போனோம். அந்த ஊருக்குப் பெரிய ஏரி. வீட்டுக் கிணற்றில் கை நீட்டினால் தண்ணீர். பெண் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பெயர் மாதம்மாள். அவளைப் பார்த்தேனா தண்ணீரைப் பார்த்தேனா என்று இன்றைக்கும் என்னால் உறுதியாகச் சொல்ல இயலாது. அப்படி ஒரு தித்திப்பு. குடித்து முடித்து, சபை மரியாதையை மறந்து, "இன்னொரு சொம்பு கெடைக்குங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

அந்த இரண்டாவது சொம்பில்தான் காரியம் கெட்டது. பெண்ணின் தந்தை என்னைச் சற்று நேரம் பார்த்தார்.

"மாப்ளய ஒரு கொற சொல்றதுக்கில்லீங்க. ஊர நெனச்சாத்தான் ரோசனையா இருக்குது. எம்பொண்ணு பொறந்ததுல இருந்து கொடத்தத் தூக்கிக்கிட்டு ஊரு தாண்டுனதில்லீங்க. ஏரியில தண்ணி இல்லாத ஊருக்குக் குடுத்துட்டு நாங்க எப்பிடிங்க சோறு திங்கறது?"

அவர் கேட்டதில் தவறில்லை. எங்கள் ஊரில் என் வயதையொத்த பலர் இதே பதிலை வாங்கிக்கொண்டுதான் திரும்பியிருந்தார்கள்.

என் நண்பன் காதர் பென்னாகரத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தான். நான் போய்ப் புலம்பியபோது அவன் சக்கரத்துக் கோணலை நிமிர்த்திக்கொண்டே கேட்டான்: "டே, இந்த வருசம் மழ நல்லாப் பேஞ்சுது. பெரிய ஏரி தளும்புதுன்றாங்க. உங்கூரு ஏரிக்கு மட்டும் ஏன் வரல?"

தெய்வக் குற்றம் என்று ஊரில் சொல்வதைச் சொன்னேன்.

"குத்தம் தெய்வத்துதா மனுசனுதான்னு போய்ப் பாத்துட்டு வருவம், வா."

பாளையக்காரர் காலத்தில் வெட்டியது என்று முதியோர் சொல்லும் ராசவாய்க்கால் ஒன்று எங்கள் பக்கத்தில் உண்டு. மலை ஓடையின் நீர் பெரிய ஏரியை நிரப்பும். அது நிரம்பி வழிவதைக் கோடி விழுவது என்போம். வழியும் இடத்துக்கும் கோடி என்றே பெயர். கோடி விழுந்த தண்ணீர் ராசவாய்க்கால் வழியே இறங்கிச் சின்ன ஏரிக்கு வரவேண்டும். அந்த வழியைக் கீழிருந்து மேலாகத் தேடிக்கொண்டு இருவரும் ஆளுக்கொரு சைக்கிளில் புறப்பட்டோம்.

வாய்க்கால் சில இடத்தில் ஆள் உயரத்துக்கு இருந்தது. சில இடத்தில் யாரோ ஒருவருடைய நிலக்கடலைக் காடாக மாறியிருந்தது. சீமைக்கருவேல முள் இரண்டு சைக்கிளையும் பஞ்சராக்கி நிறுத்திவிட்டது. பென்னாகரத்துக்கே பஞ்சர் ஒட்டுகிற காதர் அன்றைக்கு ஒட்டும் பசையைக் கடையிலேயே மறந்துவிட்டு வந்திருந்தான். இதைப் பின்னாளில் எவரிடம் சொன்னாலும் என்னோடு பேச்சை நிறுத்திக்கொள்வான். சைக்கிள்களைத் தோளில் சுமந்து நடந்தோம். எவர் எவர்மேல் சவாரி செய்கிறார் என்று தெரியாத பயணம் அது.

பெரிய ஏரிக்கரையில் ஏறியபோது கண் கூசியது. அவ்வளவு தண்ணீர். கோடி எதிர்க்கோடியில் இருந்தது. கரையின் குறுக்கே முள்வேலி. மீன் குத்தகைக்காரர் பரிசலைத் தந்தார். "கவுந்தாக் கத்துங்க. மீனு பயந்துக்கும், அதுக்குச் சொல்றன்" என்றார். எங்கள் இருவருக்கும் துடுப்புப் போடத் தெரியாது. பரிசல் முன்னே போவதைவிட்டுத் தன்னைத்தானே சுற்றியது. மலை வந்தது, கரை வந்தது, மறுபடியும் மலை வந்தது. காலையில் தின்ற களி தொண்டைக்கு வந்தது.

கோடியில் பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி எழுந்து நின்று சிரித்தாள்.

"ஏரிய அளக்க வந்தீங்களா, மாவாட்ட வந்தீங்களா?"

மாதம்மாள்.

கரையேறியதும் காதர் அவளைக் கவனிக்கவில்லை, காலடியைக் கவனித்தான். பழைய கோடியின் செதுக்கிய கருங்கல் கீழே இருந்தது. அதன்மேல் வேறு கற்களை இரண்டு வரிசை அடுக்கி, இடுக்குகளில் களிமண் பூசியிருந்தார்கள். அந்தக் கற்களின்மேல்தான் துணி துவைத்தார்கள். தண்ணீர் அந்தக் கல்லின் விளிம்புவரை வந்து, தாண்ட முடியாமல் நின்றது.

"இந்தக் கல்லு ஆரும்மா வெச்சது?" என்றான் காதர்.

"தாத்தா காலத்துல இருந்தே கெடக்குதுங்க. எங்கப்பாதான் வருசா வருசம் மண்ணு பூசுவாரு" என்றவள், பாதியில் நிறுத்தினாள். கையிலிருந்த புடவையைப் பிழியாமல் வாய்க்கால் இறங்கும் திசையைப் பார்த்தாள். பிறகு என் வேட்டியைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

அவர்கள் வீட்டுக்குப் போனோம். காதர் என்னை முதுகில் இடித்தான். உங்கள் ஏரியே எங்கள் ஏரியை விழுங்கியிருக்கிறது என்று பெண் கேட்டுப் போனவன் எப்படிச் சொல்வான்? சொன்னால் பெண் இல்லை. சொல்லாவிட்டாலும் இல்லை. இவ்விரண்டுக்கும் நடுவில் தார் வேட்டியோடு நின்றேன். ஈரத் துணிக் கூடையை வாசலில் இறக்கிவைத்து மாதம்மாள்தான் பேசினாள்.

"அப்பா, தண்ணி இல்லாத ஊருன்னீங்களே. அவங்க தண்ணிமேல ஒக்காந்துதான் நான் துணி தொவச்சிக்கிட்டு இருக்கறன்."

அவர் கூடையிலிருந்த ஈரத் துணியைப் பார்த்தார். பின் என்னிடம், "கல்ல எடுத்தா எங்க மேட்டு நெலத்துக்கு ரெண்டாம் போகம் எட்டாதுங்க" என்றார். அது பொய்யும் அல்ல. பிறகு அவரே சொன்னார்: "ஒரு வரிசை எடுக்கறன். எம்பொண்ணுக்குச் சீரு அதான். பாத்தரம் பண்டம்னு பெருசா எதிர்பாக்காதீங்க."

"சீரு தானா நடந்து வருதுங்க. வண்டி வாடக மிச்சம்" என்றான் காதர். அப்போதுதான் அவர் சிரித்தார்.

எங்கள் ஊரே மண்வெட்டியோடு இறங்கி முள்ளை வெட்டி வாய்க்காலைத் தூர்வாரியது. கல்லை எடுத்த அன்று நான் தண்ணீரின் தலைப்பக்கத்தோடு நடந்தே ஊர்வரை வந்தேன். தண்ணீர் அவசரப்படவில்லை. சருகையும் நுரையையும் எறும்பையும் முன்னால் தள்ளிக்கொண்டு, ஒவ்வொரு குழியிலும் நின்று நிரப்பிவிட்டு வந்தது. காய்ந்த மண் அதைக் குடிக்கும் சத்தம் கேட்டது. எல்லையில் பெண்கள் மஞ்சளும் பூவும் தூவி, தேங்காய் உடைத்து வரவேற்றார்கள். மாதம்மாள் அதற்குப் பிறகு வந்தாள். அவளுக்கு அவ்வளவு கூட்டம் இல்லை. இதை நெடுங்காலம் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

நிற்க. கதை அத்தோடு முடிந்திருந்தால் நன்று. மாமனாரின் பங்காளிகள் கல்லைத் திரும்ப வைத்தார்கள். அவர் திரும்ப எடுத்தார். ஒவ்வொரு மழைக்கும் இதே போராட்டம். பங்காளி வீட்டு விருந்துக்கு அவரை அழைப்பதை நிறுத்திவிட்டார்கள். போதும் மாமா, விட்டுவிடுங்கள் என்று நானே சொன்னேன். "பொண்ணுக்குக் குடுத்தத ஆராச்சும் திருப்பி வாங்குவாங்களா?" என்றார். கோடி விழும்போதெல்லாம், "உன் தண்ணி பொறப்பட்டுச்சு" என்று மகளுக்குச் சொல்லி அனுப்புவார்.

அவர் போன பிறகு சண்டை நின்றது. சமாதானத்தால் அன்று; இரண்டு ஊரிலும் ஆழ்துளைக் கிணறு வந்துவிட்டது, கல்லைப் பற்றிக் கவலைப்பட எவருமில்லை. பின்னர் அந்தக் கிணறுகளும் வற்றின. காதரும் போய்விட்டான். வாய்க்காலை அளந்து மனை போட்டார்கள். சென்ற மழையில் பல ஆண்டுகளுக்குப் பின் கோடி விழுந்தது. தண்ணீர் பழைய பழக்கத்தில் கிளம்பி வந்து, வழி தெரியாமல் மனைகளுக்குள் புகுந்து நின்றது. மோட்டார் வைத்து இறைத்துக் கொட்டினார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. கால் வலி என்று சொல்லிவிட்டேன்.

இப்போது அந்த இடத்தின்மேல்தான் தார் ஊற்றுகிறார்கள்.

மாத்திரையோடு வீடு திரும்பி மாதம்மாளிடம் சொன்னேன். முழங்கால் வலியால் அவள் வெளியே போவதில்லை.

"எந்த எடத்துல?"

"நாம சைக்கிளத் தூக்கிக்கிட்டு நடந்தம் பாரு, அங்க."

"நாமளா? நான் எங்க வந்தேன்? நீங்களும் அந்த மனுசனும்" என்றாள். சற்றுக் கழித்து, "எங்கப்பா பாக்காமப் போனாரே, அது வரைக்கும் சரி" என்றாள்.

மாத்திரை போடத் தண்ணீர் வேண்டும். அவள் சுவரைப் பிடித்து எழுந்து, தண்ணீர் கேனைச் சாய்த்தாள். கடைசிச் சொட்டுவரை வடித்தும் சொம்பு நிறையவில்லை. "நாளைக்குத்தான் கேன் வண்டி வரும்" என்றபடி நீட்டினாள். மாத்திரையை விழுங்கினேன். அதில் ஒரு சுவையும் இல்லை. தாகம் அடங்கவில்லை.

இன்னொரு சொம்பு நான் கேட்கவில்லை.