கெளுத்தி வீரனின் ஒற்றை வசனம்

நாங்கள் சின்ன பாங் என்று கூப்பிடுகிறவனுக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. முகத்தில் பசை காய இருபது நிமிஷம் அசையாமல் இருக்க வேண்டும். இவன் மூன்றாவது நிமிஷமே கழுத்தைத் திருப்புவான், ஒட்டிய மீன் செவுள் பிய்ந்து தொங்கும். ஹெங்தியன் படப்பிடிப்பு நகரத்தில் பதினோரு வருஷமாகப் பூதங்களுக்கும் அசுரர்களுக்கும் முகம் ஒட்டுகிறேன். இவனைப் போல் ஒருத்தன் என் உயிரை வாங்கியதில்லை.

முழுப்பெயர் பாங் லைஷுன். ஹெனான் பக்கத்துக் கோதுமைக்காட்டுக்காரன், வயது முப்பத்து நாலு. துணை நடிகனாக வந்து மூன்று வருஷத்தில் எத்தனை முறை செத்தான் என்று அவனுக்கே தெரியாது. எதைக் கேட்டாலும் அவன் ஊர்ப் பேச்சில் "ஜோங்" என்பான். சரி, ஆகட்டும், நல்லாயிருக்கு, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்தான்.

அந்த வருஷம் பழைய தேவகதை நாவல் ஒன்றைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்தார்கள். நதியரசனின் மாளிகைக் காவலனாக, கெளுத்தி மீன் வேஷத்தில் இவனுக்கு ஒரு வசனம் கிடைத்தது. ஒன்றே ஒன்று. "மன்னா, வடக்கு வாசலில் ஒரு பெண் அழுதுகொண்டு நிற்கிறாள்!" அன்றிலிருந்து மனுஷனுக்குச் சோறும் இறங்கவில்லை. சாப்பாட்டு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு மாளிகை செட்டுக்கும் கழிப்பறைக்குமாக நடந்தான்.

"ரென் அக்கா, 'வடக்கு'ல அழுத்தணுமா, 'அழுதுகொண்டு'ல அழுத்தணுமா?"

"என் கழுத்துல அழுத்து, ஒரேயடியாப் போய்ச் சேர்றேன். உட்காருடா!"

இந்தத் தவிப்பெல்லாம் அவன் அப்பாவுக்காக. அவருக்குக் கண் தெரியாது. மகன் நடிகன் என்பதை ஊரில் ஒருத்தரும் நம்பவில்லை. எங்கேயோ செங்கல் சுமந்துவிட்டு வெட்கத்தில் புளுகுகிறான் என்று அவர் காதுபடவே பேசினார்கள். இவன் அனுப்பிய படங்களில் ஒன்று முகமூடி இருக்கும், இல்லாவிட்டால் குப்புறக் கிடக்கும் பிணம் இருக்கும்.

"அப்பா என் குரலக் கேட்டாப் போதும்க்கா. ஊர் வாய அவரே அடைச்சிருவார்."

இங்கேதான் நான் என் தப்பைச் சொல்ல வேண்டும். எங்கள் படப்பிடிப்பில் பேசுகிற குரல் ஒன்றும் வெளியே போகாது. காற்றாடி இயந்திரம் போடுகிற இரைச்சலில் எந்தக் குரலைப் பதிவது? பிறகு குரல் கலைஞர்கள் வந்து எல்லாருக்கும் பேசுவார்கள். அது தெரிந்துதான் கதாநாயகன் வசனமே படிக்காமல், கண்ணீர் வடிய "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று எண்ணிக்கொண்டிருப்பான். அதைப் பார்த்து லைஷுன் சிரித்தான்.

"படிக்காம வர்றவங்களுக்குத்தான் வேற குரல் போடுவாங்க, இல்லக்கா? நான்தான் கரைச்சுக் குடிச்சிட்டேனே."

நான் வாயைத் திறந்தேன். அவன் முகத்தைப் பார்த்தேன். பேசாமல் அவன் உதட்டோரம் மீசையை ஒட்டினேன்.

நாலாவது தடவையில் நன்றாகச் சொன்னான். "இன்னொண்ணு எடுக்கலாமா?" என்று இயக்குநர் கேட்டதற்கு இவன் "ஜோங்!" என்று கத்த, விளக்குப் பிடிக்கிறவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

ஒளிபரப்பான அன்று சாயங்காலம் என் அறைக்கு வந்தான். உட்காரவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்து என் தலையைச் சுற்ற வைத்தான். கெளுத்தி வீரன் திரையில் ஓடி வந்து மண்டியிட்டான், வாயைத் திறந்தான். உள்ளிருந்து தலைநகரத்துக் குரல் ஒன்று கணீரென்று வந்தது.

லைஷுன் நின்றுவிட்டான். "அக்கா, அது நான் இல்ல."

"எல்லாருக்கும் அப்படித்தான் போடுவாங்க."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? ஊரையே கூட்டி வச்சிருக்கார்க்கா எங்கப்பா! எதிர்வீட்டு வாங் கிழவனைக்கூடக் கூப்பிட்டிருக்கார்!"

நான் தேநீர் ஊற்றி அவன் பக்கம் நகர்த்தினேன். அதற்குள் அவன் கைப்பேசி அலறியது. எடுத்தால் அந்தப் பக்கம் ஒரே கூச்சல், நடுவில் அப்பாவின் குரல். "கேட்டோம்டா! எல்லாரும் கேட்டோம்! வாங் வாயப் பொளந்துட்டு நிக்கிறான்!" இவன் "ஜோங்ப்பா, ஜோங்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான். நான் ஊற்றிய தேநீரைத் தொடாமலே போய்விட்டான்.

மறுநாள் காலை என் நாற்காலிக்குத்தான் வந்தான், வேறெங்கே போவான். வேறொரு தொடருக்காக மீன் முகத்தைப் பாதி ஒட்டியிருக்கும்போது அப்பா மறுபடி அழைத்தார். பசைக்கையோடு நானே கைப்பேசியை அவன் காதருகே பிடித்தேன்.

"இப்ப இங்க யாரும் இல்ல," என்றார் அவர். "நேத்து டிவில வந்ததச் சொல்லு, பாப்போம்."

லைஷுன் என்னைப் பார்த்தான். பிறகு சொன்னான். விறைத்த உதட்டோடு, ஹெனான் இழுவையெல்லாம் அப்படியே வர, வடக்கு வாசலில் ஒரு பெண் அழுவதைச் சொன்னான்.



"நேத்துப் பேசினது நீ இல்ல," என்றார் அப்பா.

"இல்லப்பா."

"அவன் வாயத் தொறந்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. வீடு முழுக்க ஆளுங்கடா. 'இது லைஷுன் குரலா'ன்னு அவங்க கேக்கறதுக்குள்ள 'இதுதான் என் பையன்'னு நான் முந்திக்கிட்டுக் கத்திட்டேன்."

லைஷுன் அழுதான். கண்ணீர் பசைக்குள் இறங்கி, ஒட்டிய செவுள் கழன்று மடியில் விழுந்தது. நான் திட்டவில்லை.

"இன்னொரு வாட்டி சொல்லு. அவசரப்படாம," என்றார் அப்பா.

சொன்னான்.

"ஜோங்," என்றார் அவர்.